உழவு இயந்திரச் சில்லுகளின் ஆட்டமும் அதன் காரணங்களும்

ஊவா மாகாணத்தில் எல்ல, பண்டாரவளை, வெலிமடை ஆகிய இடங்களைச் சூழ்ந்துள்ள கமக்காரர்களிடம் உழவு இயந்திரம் இருவகைத் தொழில் செய்து வருகின்றது. படிப்படியாக அமைந்த வயல்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும் நிலத்தைப் பண்படுத்துவது ஒன்று. விளைந்த கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தெருவுக்கும், அங்கிருந்து கெப்பெட்டிப்பொல, பண்டாரவளை போன்ற சந்தைகளுக்கும் கொண்டு செல்வது மற்றொன்று. முதலாவது தொழிலைக் கருதியே அதன் பெரிய டயர்கள் செய்யப்பட்டன. இரண்டாவது தொழில் நாம் அவற்றின்மீது சுமத்தியதாகும். சேற்றில் அமைதியாக உருளும் சில்லு தார்த் தெருவில் ஏறியவுடன் குதிப்பதும், சுக்கான் கையில் நடுங்குவதும், இயந்திரம் ஒரு பக்கமாக இழுப்பதும் இதனாலேயே பெரிதும் உண்டாகின்றன.

சமவெளியில் இது உடம்பு நோவோடு முடிந்துவிடும். எல்லவில் அவ்வாறன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்திலுள்ள எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் தெரு, 30 கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்துள் ஏறத்தாழ 800 மீற்றர் தாழ்கின்றது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பரில் இத்தெருவிலிருந்து பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தமை யாவரும் அறிந்ததே. பாரம் ஏற்றிய உழவு இயந்திரத்தின் முன்சில்லு இத்தகைய வளைவொன்றில் நடுங்கத் தொடங்கினால், அதைச் செலுத்துபவருக்குச் சிந்திக்க நேரமிராது. ஆகையால் ஆட்டத்தின் காரணத்தை வீட்டு முற்றத்திலேயே கண்டறிந்து கொள்ளுதல் வேண்டும்.

பாரச் சமன்பாடா, வட்டக் குறைபாடா?

சில்லு ஆடுகின்றதென்றால் பலரும் உடனே கராஜுக்குச் சென்று ஈயத் துண்டு அடிக்கச் சொல்கின்றனர். மோட்டார்க் காருக்கு இது பொருந்தும். உழவு இயந்திரத்துக்கு இது பெரும்பாலும் வீண் செலவு. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம்.

சுழலும் சில்லின் ஓரிடத்தில் பாரம் மிகுந்திருந்தால், அப்பாரம் சில்லை வெளிநோக்கி இழுக்கும். அந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். அதாவது வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீற்றர் ஓடும் காரொன்றின் ரிம்மில் 50 கிராம் மிகைப்பாரம் இருப்பின், அது ஏறக்குறைய 5 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையுடன் சில்லை உலுக்கும். 13.6-28 அளவுள்ள பின்புற டயர் பூட்டிய உழவு இயந்திரம் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றதென வைத்துக்கொள்வோம். அதே அளவு விசை உண்டாவதற்கு அதன் ரிம்மில் 2 கிலோகிராம் வரை சேறு ஒட்டியிருத்தல் வேண்டும். காரின் சில்லு சிறியது, இலேசானது. உழவு இயந்திரத்தின் பின்சில்லொன்றோ 500 கிலோகிராமளவு பாரத்தைத் தாங்கி நிற்பது. அதனை 5 கிலோகிராம் விசை என்ன செய்துவிடும்?

ஆகவே பின்சில்லு குதிப்பதற்குப் பாரம் அரிதாகவே காரணமாகின்றது. வட்டம் தவறியிருப்பதே வழமையான காரணம். டயரின் ஓரிடம் மற்ற இடத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அச்சு ஒருமுறை தூக்கப்பட்டு இறங்கும். உழவு இயந்திரத்தின் பின் அச்சுக்கு வில் கிடையாது. காற்றடைத்த டயரே வில்லாக நிற்கின்றது. அந்த வில்லின்மீது இயந்திரம் நொடிக்கு ஏறக்குறைய 2 முதல் 4 தடவை வரை ஆடும் இயல்புடையது. மேற்சொன்ன டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 3.9 மீற்றர் செல்லும். மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் அது நொடிக்கு 2 தடவை சுற்றும். ஊஞ்சலைச் சரியான வேளையில் தள்ளுவது போல, சில்லின் சுற்றும் இயந்திரத்தின் இயல்பான ஆட்டமும் அவ்வேகத்தில் ஒத்துப்போகின்றன. இயந்திரம் குதிக்கத் தொடங்குகின்றது. “குறித்த ஒரு வேகத்தில் மட்டும் குதிக்கின்றது, குறைத்தால் நின்றுவிடுகின்றது” என்று செலுத்துபவர் கூறுவது இதனையே. அவ்வேளையில் வேகத்தைக் குறைப்பதே உடனடி மருந்து. வேகத்தைக் கூட்டி அந்த ஆட்டத்தைக் கடந்துவிடலாம் என எண்ணுவோர் உளர். மலைத் தெருவில் அது தற்கொலைக்கு ஒப்பாகும்.

முதலில் சேறு, அடுத்துக் காற்று

காரணத்தைத் தேடுவோர் எளிதானதிலிருந்து தொடங்குதல் நன்று. எல்லப் பகுதியின் சிவந்த களிமண், ஒக்டோபர் முதல் சனவரி வரையான மழைக்காலத்தில் ரிம்மின் உட்குழிவில் அப்பிக் காய்ந்து கல்லாகிவிடும். முன்சில்லு பின்சில்லைவிட மிக விரைவாகச் சுழல்வதாலும், அதன்மீது பாரம் குறைவாக இருப்பதாலும், அங்கு அரைக் கிலோகிராம் சேறும் சுக்கானில் உணரப்படும். வயலிலிருந்து தெருவுக்கு ஏறுமுன் ரிம்மின் உட்புறத்தைக் குச்சியால் சுரண்டிக் கழுவிவிடுக. தெருவில் செல்பவருக்கும் இது ஓர் உதவியே. பெரும் மண்கட்டிகள் வளைவுகளில் கழன்று வீழ்ந்து மோட்டார்ச் சைக்கிளில் வருவோரைச் சறுக்கச் செய்கின்றன.

டயர்ப் பற்களுக்கிடையே சேறு வழக்கத்துக்கு மாறாக நிறைந்து நிற்குமாயின், டயர் திசைமாறிப் பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். டயரின் பக்கத்தில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. குறி அழிந்திருந்தால் இயந்திரத்தின் பின்னே நின்று பார்க்குக. பற்கள் கூடும் முனை மேல்நோக்கி இருப்பின் சரி; கீழ்நோக்கி இருப்பின் டயர் மாறியுள்ளது. மாறிய டயர் தன் சேற்றைத் தானே உதறமாட்டாது, பிடிப்பும் குறையும்.

காற்றழுத்தத்தைக் காலால் உதைத்துப் பார்த்து அறியும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பெரிய டயரில் 12 இறாத்தலுக்கும் 18 இறாத்தலுக்கும் உள்ள வேறுபாட்டைக் காலால் அறிய முடியாது. காற்றுமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். பின்புற டயர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 20 இறாத்தல் வரையான அழுத்தம் பொதுவானதாயினும், உங்கள் டயரின் அளவுக்கும் அது தாங்கும் பாரத்துக்கும் உரிய அழுத்தத்தை இயந்திரக் கைநூலில் பார்த்தே வைத்தல் வேண்டும். ஓர் அச்சின் இரு டயர்களிலும் அழுத்தம் சமமாக இருத்தல் இன்றியமையாதது. ஒன்றில் 3 இறாத்தல் குறைந்தாலும் இயந்திரம் அப்பக்கம் இழுக்கும். பிறேக் பிடிக்கும்போது இழுப்பு இன்னும் மிகும். காலையில், சில்லு ஓடிச் சூடேறுமுன், அழுத்தத்தை அளக்குக. குதிக்கும் இயந்திரத்தில் அழுத்தத்தைக் கைநூல் அனுமதிக்கும் எல்லைக்குள் ஓரிரு இறாத்தல் கூட்டியோ குறைத்தோ பார்க்கலாம். டயரின் வில்தன்மை மாறுவதால், ஆட்டம் உண்டாகும் வேகமும் மாறும். சில வேளைகளில் இதுவே போதுமான பரிகாரமாகிவிடும்.

ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடையே இயந்திரத்தை அசையாது நிறுத்திவைப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பல வாரம் ஒரே இடத்தில் பாரத்தைத் தாங்கி நின்றால் அடிப்பாகம் தட்டையாகிவிடும். மீண்டும் ஓட்டும்போது “தட், தட்” என்று அடிக்கும். இது சில கிலோமீற்றர் மெதுவாக ஓடியபின் தானே நீங்கினால் கவலையில்லை. நீங்காவிடின் டயரின் உட்புற நூலடுக்கு கெட்டிருக்கலாம். நீண்ட காலம் நிறுத்துவதாயின் அச்சுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்துச் சில்லின் பாரத்தை எடுத்துவிடுதல் நலம்.

முற்றத்தில் செய்யத்தக்க சோதனை

சேறும் காற்றும் காரணமல்லவெனத் தெரிந்தபின், சில்லின் வட்டத்தைச் சோதித்தல் வேண்டும். இதற்கு வெண்கட்டி, அளவுகோல், கூரான தடியொன்று ஆகியவையே தேவை.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சோதிக்க வேண்டிய சில்லு தரையைவிட்டு எழுமாறு அச்சை ஜாக்கியால் உயர்த்துக. உயர்த்தியபின் அச்சின்கீழ் உறுதியான மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மீது பாரத்தை இறக்குதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிச் சில்லருகே உட்காருதல் கூடாது. நனைந்த மலைமண்ணில் ஜாக்கி ஒருபோதும் நம்பத்தக்கதன்று.

தடியைத் தரையில் உறுதியாக நாட்டி, அதன் முனை டயர்ப் பல்லின் உச்சியை ஏறக்குறையத் தொடுமாறு வைத்துச் சில்லை மெதுவாகச் சுழற்றுக. இடைவெளி எவ்விடத்தில் குறைகின்றது, எவ்விடத்தில் கூடுகின்றது என்பதை வெண்கட்டியால் குறித்துக்கொள்க. பின்பு தடியை டயரின் பக்கவாட்டில் வைத்து அவ்வாறே பார்க்குக. மூன்றாவதாக, தடியின் முனையை ரிம்மின் விளிம்புக்கு நேராக வைத்துச் சுழற்றுக. இம்மூன்றாவது சோதனையைப் பலர் விட்டுவிடுகின்றனர். உண்மையைச் சொல்வது இதுவே.

டயர் ஆடி, ரிம் ஆடாமலிருந்தால், குற்றம் டயரிலோ அதைப் பூட்டிய முறையிலோ உள்ளது. ரிம்மும் சேர்ந்து ஆடினால் டயரைக் குறைகூறிப் பயனில்லை. ரிம் கல்லில் மோதி வளைந்திருக்கலாம், நட்டுகள் தளர்ந்திருக்கலாம், அல்லது ரிம்மும் அச்சுத் தட்டும் பொருந்தும் முகத்தில் துருவோ காய்ந்த மண்ணோ தடித்த பெயின்ரோ அகப்பட்டிருக்கலாம். அம்முகத்தில் அகப்படும் மிகச் சிறிய மண்கட்டியும் டயரின் வெளிவிளிம்பில் பல மடங்கு பெரிய ஆட்டமாகத் தோன்றும். வயலுக்கு இரும்புக் கூட்டுச் சில்லும் தெருவுக்கு டயர்ச் சில்லுமாக மாற்றி மாற்றிப் பூட்டுவோரிடம் இக்குறை மிகுதி. மாற்றும்போதெல்லாம் அம்முகத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்து, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றிவர இறுக்கினால் சில்லு சாய்ந்து உட்காரும்.

டயர் ரிம்மில் உட்காராத குறை

ரிம் நேராகவும் டயர் கோணலாகவும் இருந்தால், டயரின் பக்கத்தில் ரிம்முக்கு அருகே சுற்றிவரும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். அக்கோட்டுக்கும் ரிம் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் கோடு மறைந்தும் எதிர்ப்பக்கத்தில் விரலளவு வெளித்தெரிந்தும் இருப்பின், டயரின் கம்பி விளிம்பு தன் இருக்கையில் ஏறவில்லை. புதிதாகப் பூட்டிய டயர் குதிப்பதற்கு மிகப் பொதுவான காரணம் இது. இதற்கு ஒரு சதமேனும் செலவில்லை.

காற்றை முழுவதும் இறக்கி, கம்பி விளிம்பை ரிம்மிலிருந்து தளர்த்தி, இரு விளிம்புகளிலும் சவர்க்கார நீரைத் தாராளமாகப் பூசி, டயரைச் சற்றுத் திருப்பி வைத்து மீண்டும் காற்றடிக்குக. கிறீஸ், எண்ணெய், பெற்றோல் எதையும் பூசலாகாது; அவை இறப்பரைக் கெடுப்பதோடு, பின்னர் ரிம்முக்குள் டயர் வழுக்கி டியூப்பின் வால்வை அறுத்துவிடும். விளிம்பு உட்காரவில்லையென்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது பெருந்தவறு. 35 இறாத்தலுக்கு மேல் ஒருபோதும் செல்லலாகாது. அவ்வெல்லையிலும் உட்காராவிடின் காற்றை இறக்கி மீண்டும் சவர்க்கார நீர் பூசித் தொடங்குக. காற்றடிக்கும்போது சில்லுக்கு நேரே நில்லாது, நீண்ட குழாயுடன் ஒருபுறமாக ஒதுங்கி நிற்க. பெரிய டயரின் கம்பி விளிம்பு அறுந்து தெறித்தால் மனிதரைக் கொல்ல வல்லது. தீப்பற்றும் வாயுவை உள்ளே விட்டுக் கொளுத்தி டயரை உட்காரச் செய்யும் வித்தையைச் சிலர் கைத்திறனாகக் காட்டுகின்றனர். அதனைப் பார்க்கவும் நிற்காதீர்கள்.

டியூப் உள்ள டயராயின் முதலில் காற்றடித்து, முழுவதும் இறக்கி, மறுபடியும் அடிக்க வேண்டும். முதல் முறை அடிக்கும்போது டியூப்பில் விழுந்த மடிப்பு இரண்டாம் முறையில் நிமிரும். விளிம்பு சரியாக உட்கார்ந்தும் டயர் வட்டமாக இல்லாவிடின், டயரே குற்றமுடையது. ரீபில்ட் செய்த டயர்களில் இறப்பர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் அமைவதுண்டு. அத்தகைய டயரை வாங்குமுன் நிமிர்த்தி உருட்டிப் பார்த்து வாங்குதல் நன்று. இடப்பக்கம் புதியதும் வலப்பக்கம் தேய்ந்ததுமாகப் பூட்டினால் இரு சில்லுகளின் சுற்றளவும் வேறுபட்டு இயந்திரம் ஓயாது இழுக்கும். இயன்றவரை இரண்டையும் சோடியாக மாற்றுக.

டயருக்குள் நீர் நிரப்பியோர் கவனத்துக்கு

வயலில் பிடிப்பு உண்டாவதற்காகப் பின்டயரில் நீர் நிரப்புவதுண்டு. வால்வை உச்சியில் நிறுத்தி அதன் மட்டம் வரை நிரப்பினால் டயரின் முக்காற்பங்கு நிறையும். 13.6-28 டயரில் இது 180 முதல் 200 இலீற்றர் வரையாகும். அதாவது அவ்வளவு கிலோகிராம் பாரம். குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க உப்புச் சேர்ப்பர். எல்லவில் வெறும் நீரே போதும். உப்பு ரிம்மை அரித்துவிடும்.

ஒரு டயரின் நீர் கசிந்து மற்றதில் நிறைந்திருந்தால் இரு பக்கப் பாரமும் வேறுபடும். இதைக் காற்றுமானி காட்டாது, ஏனெனில் அழுத்தம் சமமாகவே இருக்கும். காரணம் தெரியாது ஒரு பக்கம் இழுக்கும் இயந்திரத்தில் வால்வை உச்சியில் வைத்து அதன் உட்கருவைக் கழற்றி, நீர் மட்டத்தை இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நீர் நிரப்பிய டயரில் காற்றுக்குரிய இடம் குறைவாகையால் வில்தன்மையும் குறையும். தெருவில் உதைப்பு மிகும். ஆண்டில் பெரும்பகுதி பாரம் இழுப்பதற்கே இயந்திரத்தைப் பயன்படுத்துவோர் நீரை வெளியேற்றிவிடுவதே சரியென்பது எமது கருத்து.

சுக்கான் நடுங்குதல்

முன்சில்லை உயர்த்தி, மேலும் கீழுமாகப் பற்றி அசைக்குக. தளர்வு தெரிந்தால் பெயரிங் அல்லது கிங் பின் தேய்ந்துள்ளது. இடமும் வலமுமாகப் பற்றி அசைக்கும்போது தளர்வு தெரிந்தால், இரு சில்லுகளையும் இணைக்கும் கோலின் மூட்டுகள் தேய்ந்துள்ளன. இத்தேய்வு உள்ளவரை எந்த டயரை மாற்றினாலும் நடுக்கம் நீங்காது.

இவை நன்றாயிருந்தும் மேட்டில் ஏறும்போது மட்டும் சுக்கான் இலேசாகி நடுங்குமாயின், குற்றம் சில்லில் இல்லை. இழுவைப் பெட்டியில் பாரம் முன்பக்கம் மிகுந்துள்ளது. அது கொக்கியை அழுத்தி, இயந்திரத்தின் மூக்கைத் தூக்குகின்றது. பின்பக்கம் மிகுந்தால் கொக்கி மேலே இழுக்கப்பட்டுப் பின்சில்லின் பிடிப்பும் பிறேக்கும் குறையும். பாரத்தின் பெரும்பகுதி பெட்டியின் அச்சுக்கு நேர் மேலேயும், சிறுபகுதி அதற்கு முன்னேயும் இருக்குமாறு மூட்டைகளை அடுக்குக. தெருவில் ஏறுமுன் இடம், வலம் ஆகிய இரு பிறேக் மிதிகளையும் கொளுவியால் இணைத்தல் வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியரில் மாற்றிவிடுக; இறக்கத்தில் கியரை நீக்கி உருளவிடலாகாது.

இருசில்லு இயந்திரம்

1950களிலும் 1960களிலும் இந்நாட்டுக்கு வந்த இயந்திரமொன்றின் பெயரால் இதனை இன்றும் பலர் லாண்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர். இப்போது அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் வேறு பெயருடையது. ஒடுங்கிய படிவயல்களுக்கு இதைவிட ஏற்றது இல்லை. இதில் சில்லு ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது சில்லை அச்சோடு பூட்டும் ஆணியையும் அதன் துளையையும். துளை நீண்டு தேய்ந்திருந்தால் புதிய ஆணியாலும் பயனில்லை. டயர்கள் சிறியனவாகையால் இரு பக்கக் காற்றிலும் உள்ள சிறு வேறுபாடும் கைபிடியில் உடனே உணரப்படும்.

பெட்டி பூட்டி இறக்கத்தில் செல்வோர் ஓர் உண்மையை மறவாதிருத்தல் வேண்டும். சமதரையில் இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி பின்னிருந்து தள்ளும்போது, கிளச்சு விடுபட்ட இடச்சில்லு என்ஜினின் தடையின்றி விரைந்து உருளும். வலச்சில்லோ என்ஜினால் தடுக்கப்பட்டிருக்கும். ஆகவே இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். பழக்கமில்லாதவர் இதனைச் சில்லின் கோளாறெனக் கருதி, அதே கிளச்சை மேலும் அழுத்திப் பள்ளத்தில் இறங்குகின்றனர். இறக்கத்தில் கிளச்சைத் தொடாது, தாழ்ந்த கியரில், கைபிடியை உடலால் தள்ளியே திருப்புதல் வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு இதனை வெறும் பெட்டியுடன், சிறு சரிவில் காட்டிக் கொடுத்தபின்னரே தெருவில் விடுக.

ஈயத் துண்டு எப்போது?

மேற்கூறிய யாவும் சரியாயிருந்தும் முன்சில்லு நடுங்கினால் மட்டுமே பாரச் சமன்பாட்டைப் பார்க்க வேண்டும். முன்சில்லை உயர்த்தி, தடையின்றிச் சுழல்கின்றதா என உறுதிசெய்து, மெதுவாகச் சுழற்றித் தானே நிற்க விடுக. அடியில் நிற்கும் இடத்தை வெண்கட்டியால் குறிக்குக. நான்கைந்து முறை செய்தும் அதே குறி அடியில் வந்து நிற்குமாயின் அவ்விடம் பாரம் மிகுந்தது. அதற்கு நேர் எதிரே ரிம்மில் சிறு பாரத்தைத் தற்காலிகமாகக் கட்டி, சில்லு எந்நிலையிலும் அசையாது நிற்கும் வரை கூட்டியும் குறைத்தும் பார்க்குக. பின்பு அதே பாரமுள்ள ஈயத்தைக் கராஜில் உறுதியாகப் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் குறி வேறிடத்தில் நின்றால் பாரத்தில் குறையில்லை.

சில்லைக் கழற்றிப் பூட்டிய எவரும், முதல் நாள் வேலை முடிந்தபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தல் வேண்டும். துடைத்த முகங்கள் பாரத்தில் ஒன்றோடொன்று படிந்தபின் நட்டுகள் சற்றே தளர்வது இயல்பு.